கேரித்தீவின் கதை எந்த அலமாரியில் இருக்கிறது?

தெலுக் பங்லிமா காராங் பக்கமிருந்து லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கேரித்தீவு. இரு பக்கமும் செம்பனை. இலங்கையிலிருந்து வந்த தோட்டத்துரை எட்வர்ட் வேலண்டைன் கேரியின் பெயர்தான் இன்றும் தீவின் பெயர். காட்டை வெட்டி, கால்வாய் தோண்டி, கடல்நீர் புகாமல் கரை கட்டி, ரப்பர் நட்ட ஆட்களின் பெயர் எந்தப் பெயர்ப்பலகையிலும் இல்லை.

தீவில் மூன்றாவது துறைமுகம் வரப்போகிறது என்ற பேச்சு பல ஆண்டுகளாக அடிபடுகிறது. தோட்ட நிர்வாகத்தின் பெயரும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கோல்டன் ஹோப்பாக இருந்தது 2007இல் நடந்த பெரிய இணைப்பில் சைம் டார்பிக்குள் போனது. சைம் டார்பி பிளாண்டேஷன் 2024இல் எஸ்.டி. கத்ரி ஆனது. நிலத்தின் பயன்பாடு மாறும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கோயில், இடுகாடு, பள்ளி, லயம் பற்றிய கேள்வியும் கூடவே எழும். "இந்தக் கோயில் எந்த ஆண்டு கட்டியது? எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று அதிகாரி கேட்டால், "தாத்தா காலத்திலிருந்தே இருக்கிறது" என்பதோடு பெரும்பாலும் நம் பதில் முடிந்துவிடுகிறது. நாட்டின் பல தோட்டங்களில் இதுதான் நடந்தது.

ஆதாரம் இல்லாமல் இல்லை. அது பல்கலைக்கழக நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும், பெரும்பாலும் ஆங்கிலத்தில், தோட்டத்தார் எதிர்பார்க்காத தலைப்புகளின் கீழ்க் கிடக்கிறது. இன்று கேரித்தீவிலிருந்தும் பந்திங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் பிள்ளைகள் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும் புத்ரா பல்கலைக்கழகத்துக்கும் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கும் போகிறார்கள். பலர் தங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்குப் போகும் முதல் தலைமுறை. மாணவர் அட்டை கையில் கிடைத்த அன்றே இந்த அலமாரிகளின் சாவியும் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த அட்டை நூலகத்தில் குளிரூட்டியின் கீழ் அமர்ந்து குறிப்புப் படிக்கத்தான் அதிகம் பயன்படுகிறது.

"மலேசியத் தமிழர் வரலாறு" என்று தொடங்கினால்

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டால் மாணவர் முதலில் எழுதித் தருவது "மலேசியத் தமிழர்களின் வரலாறு" அல்லது "தோட்டத் தமிழர்களின் சமூகப் பிரச்சினைகள்" என்பதாக இருக்கும். கெர்னியல் சிங் சந்து மலாயாவில் இந்தியர் குடியேற்றத்தைப் பற்றி எழுதி 1969இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட நூல் 1786 தொடங்கி 1957 வரையான காலத்தைத் தொடுகிறது. அதற்கு அவருக்கு நூல் அளவு இடம் தேவைப்பட்டது. அதே பரப்பை இரண்டு பருவத்தில், அறுபது பக்கத்தில் எழுத முனைகிற மாணவர், அந்த நூலின் சுருக்கத்தைத் தவிர வேறு எதையும் எழுத வழியில்லை.

தலைப்பைச் சுருக்க ஓர் இடம், ஒரு காலம், ஒரு கேள்வி இருந்தால் போதும். கிள்ளான் வட்டாரப் பிள்ளைகளுக்குக் காலடியிலேயே ஒன்று இருக்கிறது: 1941ஆம் ஆண்டு கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம். 'தமிழ் நேசன்' நாளிதழில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைவராக நின்று தொழிலாளர்களைத் திரட்டினார். சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்கு முறையான பள்ளி கேட்டார்கள். வெள்ளைக்கார அதிகாரி எதிரில் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். கூலிக் கோரிக்கைகளோடு அந்தச் சைக்கிள் கோரிக்கையும் பட்டியலில் இருந்தது என்பதை வைத்தே ஓர் ஆய்வேடு எழுதலாம். அந்த ஆண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் சிலர் உயிரிழந்தார்கள்.

இதைப் பற்றி எச்.இ. வில்சன் எழுதிய ஆய்வைச் சிங்கப்பூரில் உள்ள தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம் 1981இல் வெளியிட்டது. அதற்கு முந்திய ஆண்டு வந்த மைக்கேல் ஸ்டென்சனின் நூலும் இதை விரிவாகப் பேசுகிறது. இரண்டையும் எடுத்துப் படித்துவிட்டு, "என் தோட்டம் இதில் இருந்ததா? இருந்தால் என்ன கேட்டது? இல்லையென்றால் ஏன் இல்லை?" என்று கேட்டால் ஆய்வு தொடங்கிவிட்டது. விடை "இல்லை" என்று வந்தாலும் அது கண்டுபிடிப்புதான்.

தேடும் சொல்லில்தான் சிக்கல்

நூலகத்தின் கணினிப் பட்டியலில் தேடியவர்கள் "ஒன்றுமே இல்லை" என்று திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம், புத்தகம் இல்லாதது இல்லை. நாம் கூப்பிடும் பெயரில் புத்தகம் அங்கே இல்லை.

முதல் எடுத்துக்காட்டு 'இந்தியர்' என்ற சொல். உலகின் பெரிய நூலகங்கள் பலவும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வகுத்த பொருள் தலைப்புகளைப் பின்பற்றுகின்றன. கொலம்பஸ் வழிதவறிப் போய் இறங்கிய இடத்து மக்களை 'இந்தியன்' என்று அழைத்த குழப்பம் அந்தத் தலைப்புகளிலும் உண்டு. அதனால் மலேசிய இந்தியர் பற்றிய நூல்களுக்கு நெடுங்காலமாகப் போடப்பட்டு வரும் தலைப்பு 'ஈஸ்ட் இந்தியன்ஸ், மலேசியா'. இந்தச் சொல்லைத் தட்டிப் பார்க்க நம்மில் யாருக்கும் தோன்றாது. தட்டிப் பார்த்தால் திரை நிறையும்.

இரண்டாவது, தமிழ் நூல்களின் பெயர். பல பட்டியல்களில் தமிழ் நூலின் தலைப்பு ரோமன் எழுத்தில், அதற்கென்று உள்ள எழுத்துப்பெயர்ப்பு முறையில் பதியப்பட்டிருக்கும். அந்த முறையில் 'ச' எப்போதும் ஆங்கில 'சி' எழுத்துதான், 'எஸ்' வராது. ஆகவே தமிழ்த் தலைப்பில் உள்ள 'மலேசியா' எம், ஏ, எல், இ, சி, ஐ, ஒய், ஏ என்று இருக்கும். 'சங்கம்' தேட 'எஸ்'ஸில் தொடங்கினால் கிடைக்காது. 'ழ'வுக்கு 'இசட் எச்' வராது. அடிக்கோடிட்ட 'எல்' வரும், தேடும்போது வெறும் 'எல்' போட்டால் போதும். பத்து நிமிடம் பழகினால் கைக்கு வந்துவிடும் வித்தை இது. ஆனால் யாரும் சொல்லித் தராததால் தமிழ்த்துறை மாணவர்களே தமிழ் நூல்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போவதுண்டு.

மூன்றாவது, ஊர்ப் பெயர். கேரித்தீவு மலாயில் புலாவ் கேரி, ஆங்கிலத்தில் கேரி ஐலண்ட். பழைய ஆவணங்களில் அது கோல லங்காட் மாவட்டத்தின் கீழோ, நிர்வாக மையமாக இருந்த ஜுக்ராவின் கீழோ, கம்பெனியின் பெயரிலோ இருக்கலாம். 'ஜுக்ரா லேண்ட் அண்ட் கேரி' என்ற ரப்பர் கம்பெனியின் பெயர் அக்காலப் பங்குச் செய்திகளில் வரும். கம்பெனி பெயர் தெரியாதவருக்குத் தோட்டத்தின் பாதிக் கதை தெரியாமலே போய்விடும். 'தோட்டம்' என்பதற்கும் எஸ்டேட், பிளாண்டேஷன், லாடாங் என்று மூன்று சொல்லையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கண்ணாமூச்சியும் உண்டு. மானுடவியல் ஆய்வாளர்கள் தாங்கள் தங்கி ஆராய்ந்த தோட்டத்தின் உண்மைப் பெயரைப் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. ரவீந்திர கே. ஜெயின் 1960களின் தொடக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கி எழுதிய நூல் 1970இல் வந்தது. தென்னிந்தியத் தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் பற்றி இன்றுவரை முன்வைக்கப்படும் நூல்களில் அது ஒன்று. அதில் தோட்டத்தின் பெயர் 'பால் மெலாயு'. அப்படியொரு தோட்டத்தை வரைபடத்தில் தேடினால் கிடைக்காது, அது புனைபெயர். தன் தோட்டத்தின் பெயரை மட்டும் தட்டித் தேடுபவர் இத்தகைய நூல்களைத் தவறவிட்டுவிடுவார்.

நூலைக் கண்டுபிடித்துவிட்டால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. காங்கிரஸ் நூலகப் பகுப்பு முறையில் அடுக்கிய நூலகங்களில் மலேசிய இனங்களைப் பற்றிய நூல்கள் 'டி.எஸ். 595' என்ற எண்ணை ஒட்டியும், தமிழ் இலக்கியம் 'பி.எல். 4758' என்ற எண்ணை ஒட்டியும் இருக்கும். அந்த அலமாரியின் முன் அரை மணி நேரம் நின்று இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தால், கணினி காட்டாத இரண்டு நூலாவது கைக்கு வரும்.

முன்னோர் போட்டு வைத்த பட்டியல்

இந்த வேலையில் முதல் அடியை நம்மவர்கள் எப்போதோ எடுத்து வைத்துவிட்டார்கள். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்றிருந்த தனிநாயகம் அடிகளார், 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்தினார் என்பது பலருக்கும் தெரியும். அதே ஆண்டு அவர் தமிழியல் நூல்களுக்கு ஒரு வழிகாட்டிப் பட்டியலைத் தொகுத்து மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழி வெளியிட்டார் என்பது குறைவானவர்களுக்கே தெரியும். மாநாட்டு மேடையின் படங்கள் இன்றும் சுற்றுகின்றன, பட்டியலைப் பற்றிப் பேச்சு இல்லை.

மூன்றாண்டு கழித்து, 1969இல், இராம சுப்பையா 'தமிழ் மலேசியானா' என்ற பட்டியலைத் தொகுத்தார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்கள், இதழ்கள் ஆகியவற்றின் விவரப் பட்டியல் அது. வெளியிட்டது மலாயாப் பல்கலைக்கழக நூலகம். இந்நாட்டில் தமிழில் யார் என்ன அச்சிட்டார்கள் என்று அறிய விரும்பும் எவரும் முதலில் திறக்க வேண்டியது இதைத்தான். ஒரு சிற்றூர்ச் சங்கத்தின் ஆண்டு மலரோ, ஒரு தோட்டத்து ஆசிரியர் அச்சிட்ட பாட்டுப் புத்தகமோ இருந்ததற்கு இத்தகைய பட்டியல்தான் சாட்சி. அச்சான பிரதி அழிந்திருக்கலாம். அது இருந்தது என்பது அழியவில்லை.

நூல்களுக்கு அடுத்தபடி ஆய்வேடுகள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆய்வேட்டுக் களஞ்சியம் இணையத்தில் இருக்கிறது. நாட்டின் பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து நடத்தும் மலேசிய ஆய்வேடுகள் இணையப் பட்டியலும் இருக்கிறது. இவற்றில் கேரித்தீவைத் தேடினால் கண்டல் காடு, கடலரிப்பு, செம்பனை, மா மேரி ஓராங் அஸ்லி மக்களின் மரச்சிற்பம் ஆகியவை எதிர்ப்படும். எல்லாம் மதிப்புள்ள ஆய்வுகள். தீவில் தலைமுறைகளாக இருந்த தமிழரைப் பற்றிய ஆய்வை அவற்றுக்கிடையே சலித்துத்தான் எடுக்க வேண்டும். இந்த இடைவெளியைக் குறையாகப் பார்க்கலாம், இன்னும் யாரும் எடுக்காத ஆய்வுத் தலைப்பாகவும் பார்க்கலாம்.

இணையத்தில் ஏறாத பழைய இளங்கலை ஆய்வேடுகளையும் மறக்கக் கூடாது. ஒரே ஒரு தோட்டத்தை எடுத்துக்கொண்டு, வீடு வீடாகக் கணக்கெடுத்து, தட்டச்சில் அடித்துக் கட்டிய ஆய்வேடுகள் அவை. எழுத்தில் பிழை இருக்கும், கோட்பாடு பலவீனமாக இருக்கும். ஆனால் அந்தத் தோட்டமே இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டிருந்தால், அந்த ஆய்வேட்டில் உள்ள லயத்து வரைபடம் வேறெங்கும் கிடைக்காது. இவற்றைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். முகப்பில் இருக்கும் நூலகரிடம் பேசக் கூச்சப்படுகிற பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: அவர்களுக்குச் சம்பளம் தருவது இதற்கும் சேர்த்துத்தான். பல்கலைக்கழக நூலகங்கள் தேடல் பயிற்சி வகுப்புகளும் நடத்துகின்றன, பெயரைப் பதிந்தால் போதும்.

கட்டுரைகளைப் பொறுத்தவரை, மலாயாப் பல்கலைக்கழகத்தின் 'தமிழ்ப் பேராய்வு', சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகத்தின் 'வளர்தமிழ்' ஆகிய ஆய்விதழ்களை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். அயல்நாட்டு ஆய்விதழ்களுக்குப் பல்கலைக்கழகங்கள் சந்தா கட்டுகின்றன. அவற்றைப் படிக்க வளாகத்துக்கே போகவேண்டும் என்று எண்ணுபவர்கள் பலர். மாணவர் எண்ணையும் கடவுச்சொல்லையும் போட்டு நுழைந்தால் கேரித்தீவு வீட்டில் இருந்தபடியே, இரவு பதினொரு மணிக்கும் திறக்கலாம். பள்ளி விடுமுறையில் வீட்டுக்கு வரும் பிள்ளை ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து திரும்பிப் போகவேண்டியதில்லை.

இரண்டு பக்கத்தையும் படிக்க

பழைய நாளிதழ்களுக்கு இப்போது பெரிய வசதி சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் 'நியூஸ்பேப்பர் எஸ்ஜி' இணையத்தளம். அக்கால ஸ்டிரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன் போன்ற ஆங்கில ஏடுகளோடு 'தமிழ் முரசின்' பழைய இதழ்களும் அங்கே இருக்கின்றன. கணக்கு, கட்டணம் எதுவும் வேண்டாம். கேரித்தீவு என்று ஆங்கிலத்தில் தட்டினால் ரப்பர் விலை, தோட்ட நிர்வாகிகளின் மாற்றம், விபத்து, நீதிமன்றச் செய்தி என்று வந்துகொண்டே இருக்கும்.

இங்கேதான் நிதானம் வேண்டும். 1941இன் ஆங்கில ஏடுகளில் கிள்ளான் செய்தியைப் படிப்பவருக்கு, அமைதியாக இருந்த தொழிலாளர்களை வெளியிலிருந்து வந்தவர் கிளறிவிட்டார் என்ற எண்ணம் ஏற்படலாம். எழுதியவர் யார், யாரிடம் கேட்டு எழுதினார், அவர் தொழிலாளியிடம் பேசினாரா, பேசினால் எந்த மொழியில் என்று ஒவ்வொரு செய்தியிடமும் கேட்க வேண்டும். தமிழ் ஏடுகளுக்கும் இதே கேள்வி உண்டு. நம் பத்திரிகை என்பதற்காக அப்படியே நம்பிவிட முடியாது; அவற்றுக்கும் முதலாளியும் அரசியலும் தணிக்கை பயமும் இருந்தன.

1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. தொண்ணூறு ஆண்டுக்கும் மேலான செய்தி அதில் இருக்கிறது. பழைய பிரதிகளைத் தேசிய நூலகத்திலும் பல்கலைக்கழக நூலகங்களிலும் கேட்டுத் தேடவேண்டிய நிலைதான் இன்றும். தமிழ் முரசைப் போல வீட்டிலிருந்து புரட்டும் வசதி நேசனுக்கு வாய்த்தால் நம் ஆய்வுகளின் முகமே மாறும். இதைச் செய்யச் சொல்லிச் சமூக அமைப்புகள் உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை.

கதைகளையும் ஒதுக்க வேண்டாம். அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' நாவலின் களம் இந்த வட்டாரம்தான். அவசரகாலத்தில் ஒரு தோட்டத்துக் குடும்பம் எதற்குப் பயந்தது என்பதைக் காவல்துறைக் கோப்பு சொல்லாது, நாவல் சொல்லும். ஆனால் நாவலை நாவலாகவே மேற்கோள் காட்ட வேண்டும், வரலாற்றுச் சான்றாக அல்ல.

இயந்திரம் சொன்ன புத்தகம்

இப்போது மாணவர்கள் முதலில் கேட்பது செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம். கேட்டவுடன் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு பத்து நூல்களைத் தருகிறது. அவற்றில் சில உலகத்தில் இல்லாத நூல்களாக இருக்கலாம். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் இப்படிக் கிடைத்த, நடக்கவே நடக்காத வழக்குகளின் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். சட்டம் படித்தவர்களுக்கே இந்த நிலை. தோட்டத் தமிழர் வரலாறு போன்று இணையத்தில் எழுத்துக் குறைவான துறையில் இயந்திரம் இட்டுக்கட்ட இன்னும் அதிக இடம் இருக்கிறது. ஒரு தலைப்பைப் பற்றி அதனிடம் பேசிப் பார்ப்பதில் தவறில்லை. அது சொல்லும் நூலை நூலகப் பட்டியலில் கண்ணால் பார்த்து, கையில் எடுத்து, பக்கத்தைப் புரட்டாமல் அடிக்குறிப்பில் போடக் கூடாது.

இணையத்தையே முழுதும் நம்புவதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2023 அக்டோபரில் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு ஆளானது. பல சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. மலாயாவுக்கு ஆள் அனுப்பிய இந்திய அரசின் பழைய கோப்புகள் இருக்கும் இடம் அது. அந்நேரத்தில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தவர்களுக்குக் கைகொடுத்தது, முன்பே எடுத்து வைத்த குறிப்புகள்தான். படித்த அன்றே நூற்பெயர், ஆண்டு, பக்க எண்ணைச் சேர்த்துக் குறித்துக்கொள்ளாதவர் ஒப்படைக்கும் வாரத்தில் ஒரே நூலை மூன்று முறை தேடிப் போவார். அவசரத்தில் குறிப்பு விடுபட்டால் அது திருட்டாகவும் எண்ணப்படும்.

பல்கலைக்கழகத்தில் இல்லாதவர்களுக்கும் கதவு அடைக்கப்பட்டுவிடவில்லை. கோயில் நிர்வாகத்தினர், முன்னாள் மாணவர் சங்கத்தினர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இதைக் கவனிக்கலாம். கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்துக்கு, நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதியை 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர்கள் ஒப்படைக்க வேண்டும். ஷா ஆலாமில் சிலாங்கூர் மாநிலத்தின் ராஜா துன் ஊடா நூலகம் இருக்கிறது. சிலாங்கூர்ச் செயலகத்தின் பழைய கோப்புகளுக்குத் தேசிய ஆவணக் காப்பகம் போகவேண்டும். நிலம், கோயில், இடுகாடு பற்றிய கடிதங்கள் அகப்பட வாய்ப்புள்ள இடம் அதுதான். 'ஜேஸ்டோர்' தளத்தில் சொந்தக் கணக்குத் திறப்பவர்கள் மாதத்துக்கு 100 கட்டுரைகள் வரை இணையத்திலேயே கட்டணமின்றிப் படிக்கலாம். பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் வெளியாருக்கும் கட்டண உறுப்பியமோ நாள் அனுமதியோ உண்டு.

நூலகம் எதிலும் இல்லாத ஒன்று தீவில் இருக்கிறது. ரப்பர் மரம் வெட்டிச் செம்பனை நட்ட காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எண்பதைத் தாண்டியவர்களிடம் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யும் முன் அனுமதி கேட்டு, பெயரை வெளியிடலாமா என்றும் கேட்டு, நாளும் இடமும் குறித்து வைத்தால் அதுவும் ஆதாரமாகும். "அப்போதெல்லாம் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் "கஷ்டம்தான் அய்யா" என்ற ஒரு வரியே பதிலாக வரும். நூலகத்தில் நாலு நாள் உட்கார்ந்து, கம்பெனி பெயரையும் அன்றைய துரையின் பெயரையும் கூலி விவரத்தையும் தெரிந்துகொண்டு போய், "அந்தத் துரை இருந்தப்பதானே பாட்டி அஞ்சாம் நம்பர் லயம் கட்டினாங்க?" என்று கேட்டால், பாட்டி நிமிர்ந்து உட்காருவார்.

பருவ விடுமுறையில் பல்கலைக்கழக நூலகங்கள் முன்னதாகவே மூடிவிடுகின்றன. சில பிரிவுகள் வாரயிறுதியில் திறப்பதில்லை. கிள்ளானிலிருந்து ரயில் ஏறும் முன் நூலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, வேண்டிய ஆய்வேட்டின் எண்ணைச் சொல்லி, எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் புறப்படலாம்.